‘பதவி போனாலும் திமிர் போகல’ என்கிறார்கள்; நான் கையெழுத்துப் போடணுமா?

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 54. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது 2019 டிசம்பர் தேர்தலில் நின்று ஜெயித்தேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. இப்போது தனி அலுவலர்தான் எல்லாம். விடியற்காலையில் இருந்து அடித்துக்கொண்டே இருந்த போன் அடங்கிவிட்டது.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் என் பெயர் இல்லை. பழக்கதோஷத்தில் மண்டபத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பையன் வந்து, “அக்கா, இது வி.ஐ.பி.ங்களுக்கு, கொஞ்சம் பின்னாடி போயிடுங்க” என்றான். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

ஒரு சத்சங்கத்துக்குப் போகிறேன். அங்கே ஐயா “அகந்தையை அழி” என்கிறார். வருகிறவர்களின் செருப்பை அடுக்கி வைக்கிறேன். அதையும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறேன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறேன். கண்ணை மூடி ‘நான் யார்?’ என்று கேட்டால் ‘முன்னாள் தலைவர்’ என்றுதான் வருகிறது. அழுகை வந்துவிடுகிறது.

இதற்கிடையில் என் அம்மா எனக்கு எழுதிவைத்த 60 சென்ட் நிலத்தைக் கொழுந்தனார் மகன் பெயருக்கு மாற்றக் கையெழுத்துக் கேட்கிறார்கள். முடியாது என்றேன். “பதவி போனாலும் திமிர் போகல” என்கிறார் வீட்டுக்காரர். ஐயாவும் “விட்டுக்கொடும்மா, நான் எனது எல்லாம் கரையட்டும்” என்கிறார். என் அகந்தையை எப்படி ஒழிப்பது? கையெழுத்துப் போட்டுவிடட்டுமா? இன்னொன்று, கிரிவலத்துக்குக் காரில் போவதும் அகந்தையாம், பஸ்ஸில் வா என்கிறார்கள். எனக்கு மூட்டு வலி.

(பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்)

ஆலோசகர் பதில்:

அம்மா, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அகந்தை கரைந்ததா இல்லையா என்பதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதைத் திருப்புவது லேசான காரியமில்லை. உங்கள் தாயார் உங்களுக்கு எழுதிக்கொடுத்த நிலம் அது. எழுதிக்கொடுத்த பத்திரத்தில் வேறு நிபந்தனை எதுவும் இல்லையென்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி நீங்கள்தான் அதற்கு முழு உரிமையாளர். விற்பதோ கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் இஷ்டம். நான் மனநல ஆலோசகர்தான், வக்கீல் இல்லை. அதனால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தருமபுரியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பெண்களுக்கு அங்கே வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. தலைவராக இருந்தபோது எத்தனையோ பேருக்கு நீங்களே வழி சொல்லியிருப்பீர்கள். தனக்கென்று வரும்போது மட்டும் நமக்கு அது தோன்றுவதில்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

கடிதத்தில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் எழுப்பிவிட்டது ஒன்று, நிலத்துக் கையெழுத்து இன்னொன்று. மூன்றாவது, போன் அடங்கிப்போனது. நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே ‘என் அகந்தை’ என்று எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். வீட்டிலும் சத்சங்கத்திலும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கும் அது சரியாகத்தான் படும். ஏனென்றால் மூன்று இடத்திலும் உடம்பு ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. முகம் சூடாகிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டை அடைக்கிறது. மரியாதை போனதற்காகப் படபடக்கிறோமா, அநியாயத்துக்காகப் படபடக்கிறோமா என்று உடம்புக்குப் பிரிக்கத் தெரியாது. நாம்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இது யாருமே பார்க்காமல் நடந்திருந்தாலும் தவறுதானா?

மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களைத் தவிர ஈ காக்கை இல்லை, வெறும் நாற்காலிகள்தான் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூட்டுகிற பையன் ஒருவன் வந்து, “அக்கா, பின்னாடி உட்காருங்க” என்கிறான். எழுந்து போயிருப்பீர்கள், அரை நிமிஷத்தில் மறந்தும் போயிருப்பீர்கள். அன்றைக்கு வலித்தது நாற்காலி போனதற்காக இல்லை. பின்வரிசைக்கு நடந்து போன அந்தப் பத்தடியை ஊரே பார்த்ததே, அதற்காக. இதை அகந்தை என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐந்து வருஷம் மாலை போட்டு முன்னால் உட்கார வைத்தது இதே ஊர்தானே.

நிலத்துக்கு அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல் அந்த 60 சென்ட் கைமாறிப் போகிறது. அப்போதும் அது தவறுதான். உங்கள் அம்மா எதை நினைத்து அதை உங்கள் பெயருக்கு எழுதினாரோ, அது நிறைவேறாமல் போகிறது. இங்கே அகந்தைக்கு வேலையே இல்லை. இது உரிமை சம்பந்தப்பட்டது. “முடியாது” என்று சொன்ன வாயும், மண்டபத்தில் சாப்பிடாமல் வந்த வயிறும் ஒரே ஆளுடையதுதான். அதற்காக இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இது. ‘உன் அகந்தை’ என்ற சொல் வீட்டுக்குள் பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் போகிறது. மாமியார் மருமகளுக்குச் சொல்கிறார். புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்கிறார். முதலாளி வேலையாளுக்குச் சொல்கிறார். மருமகள் திருப்பிச் சொன்னால் அதற்கு வாய்த்துடுக்கு என்று பெயர். அகந்தை என்பது அவரவர் தனக்குள்ளே திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அதை இன்னொருவர் நமக்குக் கண்டுபிடித்துச் சொல்லும்போது, அவர் கையில் நாம் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஐயா கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நிலத்து விவரம் முழுக்க அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் ‘விட்டுக்கொடு’ என்ற அறிவுரையை அவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டும் ஒருமுறை சொன்னாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கரைய வேண்டிய ‘எனது’ உங்களுக்கு மட்டும்தானா இருக்கிறது? அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆன்மிகப் பேச்சைச் சாக்காக வைத்து, தீர்க்க வேண்டிய மனக்காயத்தையும் குடும்பப் பிரச்சனையையும் தாண்டிக் குதித்துவிடப் பார்க்கிறோம் என்றார். தியானத்துக்கு வருகிறவர்களிடமே இதைக் கண்டு எழுதினார். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ‘நான் கரைந்துவிட்டேன்’ என்று உட்கார்ந்தால், அதே மூன்று மணிக்கு அந்த நிலம் வந்து உங்களை எழுப்பும்.

நீங்கள் பௌர்ணமிதோறும் போகும் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். 1896-ல், 16 வயதில் அங்கே வந்தவர் ரமணர். ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்னவரே அவர்தான். பெயர் சொல்லிக் கையெழுத்துப் போடும் வழக்கமே அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் இருந்த ஆசிரமத்தின் சொத்துக்கு 1938-ல் முறையாக உயில் எழுதப்பட்டது, அவர் ஒப்புதலோடுதான். பின்னால் யாரும் தகராறு செய்யக் கூடாது என்பதற்காக. ‘நான்’ என்பதே இல்லை என்று சொன்ன இடத்திலும் பத்திரத்தைப் பத்திரமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். இதை உங்கள் ஐயாவிடமும் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

தகடூர் என்று அந்தக் காலத்தில் பெயர் பெற்ற நம் தருமபுரி மண்ணிலும் இதற்கு ஆள் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் ஔவை. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். எண்ணெய் பூசி, மயிற்பீலி சாத்தி, மாலை போட்ட பளபளப்பான ஆயுதங்கள். ஔவை குரலை உயர்த்தவில்லை. உன்னுடையவை அழகாக, காவலோடு வீட்டில் இருக்கின்றன. என் அரசனுடையவையோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அடுத்தவன் அரண்மனையில் நின்று, அவன் முகத்துக்கு நேராக. அந்தப் பேச்சை யாரும் திமிர் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்கும் அகந்தைக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் வீட்டில் “முடியாது” என்று சொன்னது அந்த வகை.

எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் ஒரு யோசனை. வீட்டுக்காரர் மறுபடி திமிர் என்று ஆரம்பித்தால், திமிர் இல்லை என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அங்கே போனால் பேச்சு முழுக்க உங்கள் குணத்தைப் பற்றியதாகிவிடும், நிலம் காணாமல் போய்விடும். “ஏங்க, நெலத்தப் பத்திப் பேசறதுன்னா நெலத்தப் பத்திப் பேசுவோம். என் கொணத்தப் பத்தி அப்புறமா பேசலாம்” என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். சிரித்த முகமாகச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை. கொழுந்தனார் மகனுக்கு உண்மையிலேயே ஒரு தேவை இருக்கலாம். ஒரு வண்டி வாங்கவோ கடன் அடைக்கவோ கேட்கிறார்களோ என்னவோ, நீங்கள் எழுதவில்லை. அவனுக்கு வேறு எப்படியாவது உதவலாம். ஆறு மாதம் கழித்து, யாரும் திட்டாத ஒரு நாளில், கொடுத்தால் என்ன என்று உங்களுக்கே தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். திட்டு வாங்கிக்கொண்டு கொடுப்பதைத் தானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி அந்த மூன்றாவது சங்கதி, போன். எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 1890-ல் ஒன்று சொன்னார். ஒருவரை எத்தனை பேர் அறிந்து மனசில் வைத்திருக்கிறார்களோ, அவருக்கு அத்தனை சமூக ‘நான்’கள் உண்டு என்றார். உங்கள் ஊரில் காலை ஐந்து மணிக்கு ஒருவர் போன் செய்து, “பிரசிடெண்ட் அம்மா, மோட்டார்ல காயில் போயிடுச்சு” என்பார். அவர் மனசில் இருந்தது ஒரு நீங்கள். நூறு நாள் வேலை அட்டைக்காக வந்து திண்ணையில் உட்காரும் கிழவி மனசில் இருந்தது இன்னொரு நீங்கள். ஒரே நாளில் இவர்கள் அத்தனை பேரும் தங்களிடம் இருந்த உங்களை எடுத்துக்கொண்டு தனி அலுவலரைத் தேடிப் போய்விட்டார்கள். உள்ளே வெறிச்சென்று இருக்கத்தானே செய்யும்? ‘முன்னாள் தலைவர்’ என்று மனசு பதில் சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பொய் சொல்லாத மனசு அது.

அந்த வெறுமையில் மரியாதை போன வருத்தம் எவ்வளவு, வேலை போன வருத்தம் எவ்வளவு? இதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என் ஊகம், பாதிக்கு மேல் வேலை. நம் மாவட்டத்தில் குடிதண்ணீர் என்பது சாதாரண விஷயமா? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, முதுகெலும்பில் வலி என்று தலைமுறையாகப் பட்ட பாடு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். அந்தத் தண்ணீர் இரண்டு நாள் வராவிட்டால் சனங்கள் மறுபடி போர் தண்ணீருக்குத்தான் போகிறார்கள். எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், மேல்நிலைத் தொட்டியில் எந்தப் பக்கம் கசிகிறது, ஆபரேட்டருக்குச் சம்பளம் எத்தனை மாதம் பாக்கி, இதெல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. ஐந்து வருஷம் சேர்த்த அறிவு 2025 ஜனவரி 5 ராத்திரியோடு அழிந்துவிடவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போனதுதான் உங்களை வாட்டுகிறது. அதையும் அகந்தை என்று நினைத்து அடக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் மூச்சு முட்டுகிறது.

கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாட்கள் உங்களுக்கு மனப்பாடம். அடுத்து வருவது எதுவோ அதற்குப் போங்கள். இத்தனை நாளும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தீர்மானம் படித்தீர்கள், இந்த முறை முன்னால் தார்ப்பாயில் உட்காருங்கள். வருகைப் பதிவேடு சுற்றிவரும். அதில் உங்கள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் எழுதி, மற்றவர்களைப் போலக் கையெழுத்துப் போடுங்கள். யாராவது கட்டாயம் எழுந்து, “தலைவரம்மா, நாற்காலிக்கு வாங்க” என்பார். அந்த நிமிஷம் தோள் தானாக நிமிரும். நிமிரட்டும், அதைத் தடுக்க வேண்டாம், நிமிர்வதைக் கவனித்தால் போதும். யாரும் கூப்பிடாவிட்டால் தோள் தொங்கும், அதையும் கவனியுங்கள். அப்புறம் கையைத் தூக்கி, அந்தத் தொட்டிக் கசிவைப் பற்றிக் கேளுங்கள். கேள்வி தண்ணீரைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும். “என் காலத்துல இப்படியா இருந்துச்சு?” என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வரும். அதை மட்டும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சத்சங்கத்தில் சொல்லும் விடுதலையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நாற்காலி கொடுத்தாலும் பிடுங்கினாலும் உங்கள் கேள்வி மாறாமல் வெளியே வர வேண்டும். அது முதல் தடவையே வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அழுதாலும் அழுவீர்கள்.

‘நான் யார்?’ என்று உட்காரும்போது அழுகை வருகிறது என்றீர்கள். அதற்கும் ஒரு சின்னத் திருத்தம். அந்தக் கேள்வியை மந்திரம் மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்வதற்காக ரமணர் சொல்லவில்லை. அதற்கு வாக்கியமாகப் பதிலும் கிடையாது. ‘முன்னாள் தலைவர்’ என்று வருகிறதா? அது ஒரு நினைப்பு. இந்த நினைப்பு யாருக்கு வருகிறது என்று பார்வையைத் திருப்பச் சொன்னார். அவ்வளவுதான். ‘நான் ஆத்மா’ என்று பெரிதாக வராமல் ‘முன்னாள் தலைவர்’ என்று வருவதால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ‘நான் ஆத்மா’ என்று உடனே பதில் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். அழுகை தாங்க முடியாமல் வந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள், வாசல் பெருக்குங்கள். துக்கம் அதிகமாக இருக்கும் நாளில் கண்ணை மூடி நெடுநேரம் உட்காருவது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

கடிதத்திலேயே எனக்குப் பிடித்தது அந்தச் செருப்பு வரிதான். செருப்பு அடுக்குகிறேன், அதையும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எத்தனை பேருக்கு அது தெரியும்? பணிவாக இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் அகந்தையை ‘அழிக்க’ என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். அழிக்கக் கிளம்புகிற ஆளும் அதே ‘நான்’தான். அழித்துவிட்டேன் என்று வெற்றி கொண்டாடப் போவதும் அதுவேதான்.

சைவ சித்தாந்தம் இதில் ரொம்ப நிதானமானது. ஆணவம் உயிரோடு அநாதியாக ஒட்டியிருக்கிறது, முத்தியிலும் அது அழிந்துபோவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது என்று சொல்கிறது. செம்பில் களிம்பு மாதிரி என்பார்கள். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், நாலு நாள் விட்டால் மறுபடி ஏறும். களிம்பே ஏறாத செம்பு வேண்டும் என்று யாரும் குடத்தைத் தூக்கி எறிவதில்லை. நம் பக்கத்தில் புளிக்கா பஞ்சம்? இந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் செருப்பு வரி எழுதிய அன்றைக்குக் குடத்தைத் தேய்த்திருக்கிறீர்கள், அடுத்த வாரம் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். ‘அழி, கொல்லு, ஒழி’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, மறுநாள் ஒரு சின்னக் கோபம் வந்தாலும் எல்லாம் வீணாகிவிட்டது என்று சுருண்டுபோகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

ஆனால் அந்த மூன்று மணி முழிப்பை நான் சும்மா விடமாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி இரண்டும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அடிக்கடி அழுகையும் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன. சத்சங்கம் கேட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை அது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றமும் தூக்கத்தைக் கெடுக்கும், தைராய்டும் கெடுக்கும், ரத்தசோகை இருந்தால் சோர்வு இன்னும் கூடும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கையோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசு எண்ணில் பேசலாம். டெலி மானஸ் என்று பெயர். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், நாளைக்கு என்று தள்ளாமல் அப்போதே அந்த எண்ணைப் போடுங்கள். முன்னாள் தலைவர் மனநல மருத்துவரிடம் போகிறார் என்று ஊர் பேசுமோ என்று ஒரு தயக்கம் வரும். வந்தால், யாருமே பார்க்காவிட்டால் என்ற அதே கேள்வியை இதற்கும் போட்டுப் பாருங்கள். யாரும் பார்க்காவிட்டால் நேற்றைக்கே போயிருப்பீர்கள் இல்லையா?

கல்யாண வீட்டுப் பையன் மேல் இன்னும் கோபம் இருந்தால் இருக்கட்டும். அவனாகக் கணக்குப் போட்டு உங்களை எழுப்பியிருக்கமாட்டான், பெரியவர்கள் யாரோ சொல்லியனுப்பியிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர்களோடு பேச்சை மட்டும் முறித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும்.

கடைசியாகக் கார் கேள்வி. பஸ்ஸில் போனால் அகந்தை குறையும் என்றால் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஞானிகள் நெரிந்துகொண்டு நிற்க வேண்டும். கார் இருக்கிறது, மூட்டு வலியும் இருக்கிறது, காரிலேயே போங்கள். இடம் இருந்தால் சத்சங்கத்தில் இருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர். இந்த மூட்டோடு அவ்வளவு தூரம் நடக்கலாமா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.